விழுந்த மரத்தின் எடை எங்கே போகிறது?

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் தூங்குமூஞ்சியும் மஞ்சள் கொன்றையும் தெருவுக்குக் குறுக்கே கிடந்தன. ரம்பம் போட்டு அறுத்து, ஓரம் தள்ளி, வண்டிக்கு வழி விட்டார்கள். கிளைகளை லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. ஆனால் நாலு ஆள் சேர்ந்தாலும் நகராத அடிமரங்கள் சில, மதில் ஓரங்களிலும் காலி மனைகளிலும் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தன. அந்த மாதிரி ஒரு கட்டையைச் சில மழைக்காலம் கழித்துப் போய்ப் புரட்டிப் பாருங்கள். அன்றைக்கு அசையாதது இன்றைக்கு ஒரு கையில் புரளும். அளவு பெரிசாக மாறியிருக்காது, எடைதான் காணாமல் போயிருக்கும்.

யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. கொஞ்சம் மண்ணில் இறங்கியிருக்கிறது. பெரும்பகுதி காற்றில் போய்விட்டது.

செத்த மரம் வாயு விடும் என்று சொன்னால் பலருக்கு ஏதோ விபரீதம் மாதிரித் தோன்றுகிறது. மட்குதல் என்றாலே அதுதான். என்ன வாயு வரும், எவ்வளவு வேகமாக வரும் என்பதை மரத்தின் ஜாதி ஓரளவுக்குத் தீர்மானிக்கும். அதைவிடப் பெரிய பங்கு, மரம் எங்கே கிடக்கிறது என்பதற்கு. வெயில் காயும் மொட்டைமாடியிலா, ஈர மண்ணிலா, கால்வாய்ச் சேற்றுக்குள்ளா, குப்பை மேட்டுக்கு அடியிலா? வட சென்னையில் இந்த எல்லா இடமும் இரண்டு மைல் சுற்றளவுக்குள் இருக்கிறது என்பதால் இந்தப் பாடத்தைப் படிக்க நமக்கு வெளியூர் போகவேண்டிய வேலை இல்லை.

மரத்தின் எடை வந்தது எங்கிருந்து?

போகும் இடம் புரியவேண்டுமானால் வந்த இடம் தெரியவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் மரம் மண்ணிலிருந்து வளர்கிறது என்பார்கள். பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியப் பகுதி மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு தொட்டியில் மண்ணை நிறுத்துப் போட்டு, ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு ஏறியிருந்தது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ்தான். ஆக, மரம் மண்ணைத் தின்று வளரவில்லை. தண்ணீர்தான் மரமாக மாறியது என்று அவர் முடிவு கட்டினார். பாதிக் கிணறு தாண்டினார் என்று சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர் 62 பவுண்டு மரக்கரியை எரித்துவிட்டு 1 பவுண்டு சாம்பல்தான் மிச்சம் என்று கண்டார். மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகப் போனது என்றும் எழுதிவைத்தார். அந்த வாயுவைத்தான் மரம் முதலில் காற்றிலிருந்து எடுத்தது என்பது அவருக்கு எட்டவில்லை. ஒரு கையில் மரம், மறு கையில் வாயு, இரண்டையும் முடிச்சுப் போட இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்த வாயு கரியமில வாயு. இலைகள் அதைக் காற்றிலிருந்து உறிஞ்சி, தண்ணீரோடு சேர்த்து, வெயிலின் துணையோடு சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரையைக் கோத்துக் கோத்துத்தான் மரம் தன் உடம்பைக் கட்டுகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், அதாவது கரி. நீளமான சர்க்கரைச் சங்கிலியான செல்லுலோஸ், அதைச் சுற்றிப் பிணைந்திருக்கும் அரைச்செல்லுலோஸ், இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் லிக்னின், இந்த மூன்றுக்குள்தான் அந்தக் கரி உட்கார்ந்திருக்கிறது. இதில் லிக்னின் மகா பிடிவாதக்காரன். கட்டுரையில் அது திரும்பத் திரும்பக் குறுக்கே வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். நடுத்தரமான ஒரு தெருமரம் விழுகிறது. பச்சையாக 2 டன் என்று வைத்துக்கொள்வோம். பாதி தண்ணீர். காய்ந்த எடை 1 டன். அதில் பாதி, 500 கிலோ, கரி. ஒரு கிலோ கரி ஆக்சிஜனோடு சேர்ந்தால் 3.67 கிலோ கரியமில வாயு ஆகும். ஆகவே அந்த மரம் முழுசும் மட்கி முடிந்தால் சுமார் 1.8 டன் கரியமில வாயு. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றை எரித்தால் 42 கிலோ சுமார் வரும். ஒரு மரம் 40-க்கு மேற்பட்ட சிலிண்டருக்குச் சமம். அடுப்பில் வைத்து எரித்தாலும், மூலையில் போட்டு மட்கவிட்டாலும் இந்த மொத்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். எரிப்பதற்கு ஒரு மணி நேரம், மட்குவதற்கு ஒரு பத்து வருஷம். இரண்டும் ஒரே வேதிவினையின் வேகமான வடிவம், மெதுவான வடிவம்.

தின்பவர்கள் யார்?

மழை பெய்து ஒரு வாரம் ஆன பிறகு, விழுந்து கிடக்கும் தூங்குமூஞ்சிக் கட்டை ஒன்றின் பட்டையை உரித்துப் பாருங்கள். பழையதாக இருந்தால் கத்தி வேண்டாம், விரலிலேயே வந்துவிடும். அடியில் வெள்ளை நூல் மாதிரிக் கிளைகிளையாகப் படர்ந்திருப்பது பூஞ்சை. வெளியே தட்டுத்தட்டாக நீட்டிக்கொண்டிருக்கும் காளான், அதன் பூ என்று சொல்லலாம். உடம்பு முழுக்க உள்ளேதான் இருக்கிறது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு பச்சைக் காளான் வாசனை அடிக்கும். அதுவும் வாயுதான். ஆக்டெனால் வகையைச் சேர்ந்த ஒரு பொருள், மிகச் சிறிய அளவில் காற்றில் கலப்பதை நம் மூக்கு பிடித்துவிடுகிறது. ஆனால் அந்தக் கட்டையிலிருந்து உண்மையில் டன் கணக்கில் போய்க்கொண்டிருக்கும் கரியமில வாயுவுக்கு வாசனையே கிடையாது. முகர்ந்து பார்த்து மட்கலை அளக்க முடியாது.

பூஞ்சைக்கு வாய் இல்லை. நொதிகளை வெளியே உமிழ்ந்து, மரத்தை வெளியிலேயே செரித்து, கரைந்து வரும் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நாம் மூச்சு விடுவது போலவே அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனோடு எரித்துக் கரியமில வாயுவை வெளியே விடும். கூடவே தண்ணீரும் கொஞ்சம் சூடும் வரும். மரத்தூள் பெரிய குவியலாகக் கிடந்தால் உள்ளே கைவைக்க முடியாத சூடு ஏறுவதற்கு இதுதான் தொடக்கம். மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும்.

பூஞ்சைகளில் இரண்டு கோஷ்டி. ஒன்று லிக்னினையும் சேர்த்துத் தின்னும். அது தின்ற மரம் வெளுத்து, நார்நாராக, ஸ்பாஞ்சுபோல ஆகும். இன்னொன்று சர்க்கரைப் பகுதிகளை மட்டும் உருவிக்கொண்டு லிக்னினை விட்டுவிடும். அந்த மரம் பழுப்பாக, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் தேய்த்தால் தூளாகும். தெருவில் கிடக்கும் கட்டையைப் பார்த்தே எந்தக் கோஷ்டி உள்ளே இருக்கிறது என்று நீங்கள் சொல்லிவிடலாம். நம் ஊர் அகன்ற இலை மரங்களில் வெள்ளைக் கோஷ்டிதான் அதிகம்.

அடுத்து கறையான். இதை நாம் வீட்டு எதிரியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். மரத்தைச் செரிக்கும் வேலையைக் கறையானின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. புற்றுக் கட்டும் நம்மூர்க் கறையான்கள் இன்னும் ஒரு படி மேலே போய், புற்றுக்குள் ஒரு பூஞ்சையையே பயிர் செய்கின்றன. மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கிற, ஊர்ப்பக்கம் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற புற்றுக்காளான் அந்தத் தோட்டத்து விளைச்சல்தான். கறையானின் குடலுக்குள் காற்று அதிகம் புகாது. அதனால் அங்கே கரியமில வாயுவோடு மீத்தேனும் உண்டாகிறது. உலகத்தில் உண்டாகும் மொத்த மீத்தேனில் 1 முதல் 3 சதவீதம் கறையான் வயிற்றிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள்.

சவுக்குக் கம்பு சொல்வது

கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் சவுக்குக் கம்பு ஒன்றை மண்ணில் நட்டு ரெண்டு மூன்று வருஷம் விட்டுவிடுங்கள். பந்தல்கால், வேலிக்கால் எதுவானாலும் சரி. அது எங்கே இற்று ஒடியும்? மேலே காய்ந்த பகுதி கெட்டியாக இருக்கும். ஆழத்தில் புதைந்த நுனியும் பெரும்பாலும் கெட்டியாகத்தான் இருக்கும். மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் அளவில்தான் கம்பு முறியும்.

இந்த ஒரு கம்பு போதும், பாடம் மொத்தத்தையும் சொல்ல. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. ராயபுரம், ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளில் பர்மாத் தேக்கு வாசக்கால் நூறு வருஷம் நிற்பதற்குத் தேக்கின் குணம் ஒரு காரணம் என்றால், கூரை ஒழுகாமல் இருந்தது இன்னொரு காரணம். ஒழுகிய மூலையில் தேக்கும் இற்றுத்தான் போகும். மறுபுறம், ஒரேயடியாகத் தண்ணீரில் மூழ்கிய மரத்துக்குக் காற்று போகாது. அங்கே பூஞ்சை திணறும். ஈரமும் காற்றும் சரிபாதியாகக் கிடைக்கும் இடம்தான் மட்கலுக்கு வாய்த்த இடம்.

வெப்பம் மூன்றாவது. பொதுவாக 10 டிகிரி கூடினால் நுண்ணுயிர்களின் வேகம் இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் ஒரு பைன் மரம் மட்குவதற்கு அரை நூற்றாண்டுகூட ஆகலாம். சென்னையின் புழுக்கத்தில் முருங்கை, கல்யாண முருங்கை மாதிரி மென்மரங்கள் ஓரிரண்டு மழைக்காலத்தில் முடிந்துவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? வெற்றிலைக் கடையில் கொஞ்சம் சுண்ணாம்பு வாங்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் அலுங்காமல் இரண்டு சின்ன மூடிகளில் ஊற்றிக்கொள்ளுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டு. ஒன்றில் ஈரமாக மட்கிக்கொண்டிருக்கும் மரத்துண்டுகளை முக்கால் பங்கு போட்டு, மேலே சுண்ணாம்பு நீர் மூடியை வைத்து இறுக்கி மூடவும். மற்றதில் நன்றாகக் காய்ந்த, கெடாத மரத்துண்டுகளைப் போட்டு அதேபோலச் செய்யவும். மறுநாள் பாருங்கள். மட்கும் மரம் இருக்கும் பாட்டிலில் சுண்ணாம்பு நீரின் மேல் வெள்ளை ஆடை படிந்து, அடியிலும் வெள்ளையாக வண்டல் இறங்கியிருக்கும். மற்ற பாட்டிலில் மெல்லிய ஆடை ஒன்று மட்டும் தெரியலாம். அதற்கு, உள்ளே மாட்டிக்கொண்ட சாதாரணக் காற்றில் இருந்த கரியமில வாயுவே போதும். அந்த வெள்ளை, கால்சியம் கார்பனேட். கட்டையிலிருந்து கிளம்பிய வாயு திரும்பக் கல்லாகி உங்கள் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் தனியாகச் செய்யவேண்டாம்.

காற்றுப் புகாத இடத்தில்

இதுவரை பார்த்தது நல்ல கதை. மரம் காற்றில் கடன் வாங்கிய கரியமில வாயுவைத் திருப்பிக் கொடுக்கிறது. இனி கதை கொஞ்சம் சிக்கலாகும்.

மரமும் இலையும் தண்ணீருக்கு அடியிலோ சேற்றிலோ புதைந்தால், அங்கே மிச்சமிருக்கும் ஆக்சிஜனை முதலில் வரும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். பிறகு ஆக்சிஜன் இல்லாமலே வாழத் தெரிந்தவை வேலைக்கு வரும். அவற்றில் கடைசி வரிசையில் நிற்பவை மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள். பாக்டீரியா மாதிரித் தெரிந்தாலும் தனிக் குடும்பம். பங்கிங்ஹாம் கால்வாய் ஓரம் நின்று சேற்றை ஒரு நீளக் கம்பால் கிளறினால் குமிழ் குமிழாக மேலே வருவதில் மீத்தேன் உண்டு. 1776-இல் இத்தாலியின் மஜோரே ஏரியில் வோல்டா இதே மாதிரிச் சேற்றைக் கிளறி, வந்த குமிழ்களைப் பிடித்து, அது தீப்பற்றும் வாயு என்று காட்டினார். மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டா. நீங்கள் தீக்குச்சியோடு போய் இதைச் சோதிக்கவேண்டாம்.

மீத்தேனில் என்ன தொல்லை? 100 வருஷக் கணக்கில் எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். 20 வருஷக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. ஆனால் காற்றில் நீண்டநாள் தங்காது, 10 வருஷம் சுமாரில் சிதைந்துவிடும். ஆகவே அதே ஒரு கிலோ கரி, கரியமில வாயுவாக மேலே போவதற்கும் மீத்தேனாகப் போவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இங்கே லிக்னின் குறுக்கே வருகிறது. அதை உடைக்கும் பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும். காற்றில்லாத இடத்தில் லிக்னின் கிட்டத்தட்ட அசையாது, தன் பிடியில் இருக்கும் செல்லுலோஸையும் விடாது. அதனால் சேற்றில் புதைந்த பெரிய அடிமரம் நாம் பயப்படும் அளவுக்கு மீத்தேன் விடுவதில்லை. சிட்னி நகரக் குப்பைக்கிடங்குகளில் பல பத்தாண்டுக்கு முன் புதைந்த மரத்துண்டுகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றின் கரியில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. வேகமாக மீத்தேனாக மாறுவது இலை, இளங்குச்சி, புல், பழத்தோல் மாதிரி லிக்னின் குறைந்த சரக்கு. மழைநீர் வடிகாலில் அடைத்துக்கொண்டு கறுத்துக் கிடக்கும் இலைக்குப்பையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. என் கணிப்பில் விழுந்த மரத்தைவிட அதுதான் கவனிக்கவேண்டிய ஆசாமி.

கொடுங்கையூர் குப்பைமேட்டில் நடப்பதும் இதுதான், பெரிய அளவில். வட சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கே குவிந்திருக்கிறது. சாப்பாட்டு மிச்சம், வாழை இலை, பூமாலை, வெட்டிய கிளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி, காற்றில்லாமல் புழுங்குகிறது. இப்படிப்பட்ட மேடுகளிலிருந்து கசியும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன், மீதி கரியமில வாயு. வெயில்காலத்தில் மேடு தீப்பிடித்தால் அணைப்பதற்கு நாள் கணக்கில் ஆவதற்கு உள்ளே இருக்கும் இந்த எரிவாயுவும் ஒரு காரணம்.

எண்ணூர்ச் சேற்றின் நாற்றம்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனால் இன்னொரு வாயுவைச் சந்திக்கலாம். இதற்கு அறிமுகமே தேவையில்லை. தண்ணீர் இறங்கிய நேரத்தில் அலையாத்தி மரங்களுக்கு அடியில் கறுத்த சேற்றில் கால் வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைக்கும் அதே வாயு.

கடல் தண்ணீரில் சல்ஃபேட் உப்பு நிறைய இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்ஃபேட்டைக் கொண்டு செத்த இலையையும் வேரையும் செரிக்கும். அந்தப் போட்டியில் மீத்தேன் கோஷ்டியைவிட இவை கைதேர்ந்தவை. சாப்பாட்டை முதலில் பிடுங்கிக்கொள்ளும். அதனால் உப்புச் சேற்றில் நாற்றம் அதிகம், மீத்தேன் குறைவு. மாதவரம், ரெட்டேரி மாதிரி நன்னீர் ஏரிச் சேற்றில் சல்ஃபேட் குறைவு, அங்கே மீத்தேன் கை ஓங்கும். மூக்கைப் பொத்தவைக்கும் இடம்தான் பருவநிலைக்கு அதிகக் கெடுதல் செய்யும் என்று நினைப்போம். இங்கே நிலவரம் நேர் எதிர்.

அந்த அலையாத்திகள் சேற்றுக்கு வெளியே குச்சி குச்சியாக நீட்டி வைத்திருப்பவை மூச்சுவேர்கள். அடிவேருக்கு ஆக்சிஜன் போவது அந்த வழியாகத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்த முகத்துவாரம் முழுக்கப் பரவி, அந்தக் குச்சிகளின் மேல் தார் மாதிரி அப்பிக்கொண்டது. மூச்சுவேர் அடைபட்டால் மரம் பட்டுப்போகும். பட்டுப்போனால், சேற்றுக்கு மேலே இருக்கும் உடம்பு மட்கி வாயுவாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிசு சேற்றுக்கு அடியில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அலையாத்தி வேர்கள் சேற்றில் சேர்த்துவைத்த கரி, அவற்றைப் பிடித்துக்கொள்ள உயிருள்ள வேர் இல்லாவிட்டால் அரித்துக் கலங்கி மேலே வரும், காற்றைப் பார்க்கும், மட்கத் தொடங்கும்.

நிற்கும் பட்டமரம்

விழாமல் நின்றபடியே செத்த மரங்களைப் பற்றி அமெரிக்காவின் வடக்குக் கரோலைனாவில் ஒரு நல்ல ஆராய்ச்சி நடந்தது. கடல்மட்டம் ஏறி உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்ததால் கரையோரக் காடுகள் நின்றவாக்கில் பட்டுப்போய், வெளுத்த கம்பங்களாக நிற்கின்றன. பேய்க்காடு என்றே அங்கே பேர். மெலிண்டா மார்ட்டினெஸ், மார்செலோ அர்டோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பட்டமரங்களில் மூடிய குடுவைகளைப் பொருத்தி, என்ன வாயு வருகிறது என்று அளந்தார்கள். 2021-இல் வெளியான முடிவு இது: கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு மூன்றும் வருகின்றன, பட்டமரங்களைச் சேர்த்துக்கொண்டால் அந்த நிலத்தின் மொத்த வெளியீடு சுமார் 25 சதவீதம் கூடுகிறது. ஆனாலும் மண்ணிலிருந்து வருவது மரத்திலிருந்து வருவதைப்போல நாலு மடங்கு. பத்திரிகைகள் இதற்கு ‘மரத்தின் குசு’ என்கிற ரீதியில் தலைப்புப் போட்டு ஒரு வாரம் சிரித்தன. விஷயம் சிரிப்பானதல்ல.

அவர்களுக்கு இருந்த கேள்வி, அந்த வாயு மரம் மட்கி வருவதா, இல்லை மண்ணில் உண்டான வாயு பட்டமரத்தின் உள்குழாய்கள் வழியாக இளநீருக்குப் போடும் ஸ்ட்ரா மாதிரி மேலே ஏறி வெளியே வருகிறதா என்பது. இரண்டும் கலந்திருக்கலாம். மரம் அப்படிக் குழாயாக மட்டும் இருப்பதில்லை, உள்ளேயே வாயுவைத் தயாரிக்கவும் செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. 1907-இல் கன்சாஸ் மாநிலத்தில் புஷாங் என்ற வேதியியலாளர், காட்டன்வுட் மரத்தில் துளை போட்டபோது வெளியேறிய வாயுவைப் பிடித்து ஆராய்ந்தார். பாதிக்கு மேல் மீத்தேன், பற்றவைத்தால் எரிந்தது. அது உயிரோடு நின்ற மரம். உள்ளே வைரம், அதாவது நடுக்கட்டை, ஈரமாக அழுகியிருந்தால், வெளியே இலை பச்சையாக இருக்கும்போதே உள்ளே மட்கல் தொடங்கிவிடும். நம் தெருவில் அடிமரத்தைச் சுற்றிக் கழுத்தளவு கான்கிரீட் போட்டு, வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாமல் அடைத்த மரங்களில் அடித்தண்டில் காளான் முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரத்துக்கு உள்ளே வேலை எப்போதோ ஆரம்பித்துவிட்டது.

நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றி ஒரு வரி போதும். எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 270 மடங்கு சூடு பிடிக்கும் கில்லாடி, ஆனால் மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் அளவு சொற்பம். சாக்கடைத் தண்ணீர் கலந்த மண்ணில் கிடந்தால் கூடலாம்.

அப்படியானால் மரம் கெட்டதா?

2021-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, 6 கண்டங்களில் 55 காட்டு இடங்களில் செத்த மரத்தை வைத்து அளந்து, உலகம் முழுக்கச் செத்த மரம் வருஷத்துக்கு சுமார் 1,090 கோடி டன் கரியைக் காற்றுக்கும் மண்ணுக்குமாக விடுகிறது என்று கணக்கிட்டது. அதில் 93 சதவீதம் வெப்பமண்டலக் காடுகளில். பூச்சிகளின் பங்கு 29 சதவீதம். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எல்லாம் எரித்து நாம் விடுவதைவிட இது சற்றே அதிகம். இந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, ‘பார், தொழிற்சாலையைவிட மரம்தான் அதிகம் புகை விடுகிறது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். சுற்றவிட்டும் இருக்கிறார்கள்.

அதற்குப் பதில் அத்திப்பட்டில் இருக்கிறது. வட சென்னை அனல்மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்து நிலக்கரி பாராதீப்பில் கப்பல் ஏறி எண்ணூர்த் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அந்த நிலக்கரி என்ன? 25 கோடி வருஷத்துக்கும் முன்னால், குளோசோப்டெரிஸ் போன்ற தாவரங்கள் சதுப்பு நிலத்தில் விழுந்து, காற்றுப் புகாத நீரடியில் மட்காமல் தப்பி, மேலே மண் ஏறி அமுங்கியது. அந்தச் செத்த மரங்கள் அன்றைக்கு மட்கியிருந்தால் அவற்றின் கரி அன்றைக்கே காற்றுக்குப் போயிருக்கும், அடுத்த மரம் எடுத்திருக்கும். மட்காமல் போனதைத்தான் இன்றைக்குக் கொதிகலனில் போட்டு, 25 கோடி வருஷம் தள்ளிப்போட்ட வேலையைச் சில நொடியில் முடிக்கிறோம்.

இரண்டிலும் வரும் வாயு ஒன்றுதான், வந்த இடம்தான் வேறு. வியாசர்பாடித் தெருவில் மட்கும் தூங்குமூஞ்சி விடும் கரி, முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் இதே காற்றிலிருந்து அந்த மரம் எடுத்தது. அதே இடத்தில் இன்னொரு கன்று நட்டு வளர்த்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். காட்டுக்கும் அதே நியாயம்: செத்த மரம் விடுவதை வளரும் மரம் வாங்கிக்கொள்கிறது. நிலக்கரியின் கரி இந்த வரவுசெலவிலேயே இல்லாதது, வெளியிலிருந்து உள்ளே கொட்டுவது. தெருமரம் விழுந்த இடத்தில் சிமென்ட் பூசிவிட்டால் மட்டும், நம் தெருவின் கணக்கும் ஒருபக்கச் செலவாகிவிடும். வர்தாவுக்குப் பிறகு அப்படிப் பூசப்பட்ட குழிகள் எத்தனை என்பது நடந்துபோகிறவர்களுக்குத் தெரியும்.

விழுந்ததை என்ன செய்வது?

மூலையில் போட்டுக் கொளுத்துவதுதான் நம் ஊர் வழக்கம். மொத்தக் கரியமில வாயு ஒன்றுதானே என்று மேலே சொன்ன கணக்கை வைத்து அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. பச்சைக் கிளை சரியாக எரியாது. கார்பன் மோனாக்சைடு, பென்சீன், நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள் எல்லாம் கிளம்பும். பக்கத்து வீட்டில் இழுப்பு இருக்கும் பிள்ளைக்கு அன்றைய ராத்திரி தூக்கம் போகும். போகி அன்று மணலி, திருவொற்றியூர் பக்கம் காலை வானம் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்கு 2016 திடக்கழிவு விதிகளிலேயே தடை வந்துவிட்டது.

குப்பைமேட்டுக்கு அனுப்புவது அடுத்த மோசமான வழி, முக்கியமாக இலைதழைக்கு. காரணம் மேலே பார்த்தாயிற்று.

நல்ல வழி, கனமான அடிமரத்தை மரமாகவே பயன்படுத்துவது. பெஞ்சு, கதவு, சாமான் கட்டும் பெட்டி, எதுவாகவும். காய்ந்து, கூரைக்குக் கீழே இருக்கும்வரை அதன் கரி அங்கேயே பூட்டிக்கிடக்கும். தூங்குமூஞ்சி மட்டமான மரம் என்று ஒதுக்குவார்கள், ஆனால் வைரம் பாய்ந்த பகுதி மேசைப் பலகைக்கு அழகாக வரும். எதற்கும் ஆகாததை விறகுத்தொட்டிக்குக் கொடுத்தால் அடுப்பில் ஒழுங்காகக் காய்ந்து எரியும், அதற்குப் பதிலாக எரித்திருக்கக்கூடிய வேறு ஏதோ ஒன்றையாவது மிச்சப்படுத்தும். சிறு கிளைகளையும் இலையையும் எந்திரத்தில் நறுக்கிப் பூங்கா மரங்களின் காலடியில் மூடாக்காகப் பரப்பலாம். உள்ளங்கை அகலத்துக்கு மேல் கனமாகப் போடக்கூடாது, தண்டை ஒட்டியும் போடக்கூடாது. மெலிசாகப் பரப்பினால் காற்றுப் போகும், கரியமில வாயுவாக மட்டும் மட்கும், மண்ணில் ஈரம் நிற்கும். ஆளுயரக் குவியலாகக் கொட்டினால் அடியில் மறுபடி காற்றில்லாத நிலைதான்.

“இன்னாபா, பட்ட மரத்துலேர்ந்து விஷக்காத்து வரும்னு சொல்றாங்களே, புள்ளைங்க கீழதான் வெளையாடுது” என்று எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் கேட்டார். திறந்தவெளியில் அந்தப் பயம் வேண்டாம். மட்கும் மரம் விடும் வாயு காற்றில் உடனே கலைந்துவிடும். ஆபத்து மூடிய இடத்தில். மரக்கட்டையோ மரத்துண்டுகளோ நிரம்பிய கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்கியவர்கள் மூச்சுமுட்டி இறந்த விபத்துகள் உலகத்தில் பல துறைமுகங்களில் நடந்திருக்கின்றன. மரம் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், கார்பன் மோனாக்சைடும் சேரும். தண்டையார்பேட்டை, ராயபுரம் பழைய வீடுகளில் மூடிவைத்த கிணறுகளுக்கும் இது பொருந்தும். வருஷக்கணக்கில் இலையும் கட்டையும் விழுந்து மட்கிய கிணற்றின் அடியில் கனமான கரியமில வாயு தேங்கி நிற்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கக்கூடாது என்பது சரி, ஆனால் உள்ளே மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கவைக்கும். தூர்வார ஆள் இறக்குவதற்கு முன் வாயு அளக்கும் கருவியோடு வரச் சொல்லுங்கள், மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள், இறங்கியவர் மயங்கினால் இன்னொருவரைப் பின்னாலேயே இறக்கவேண்டாம், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

பெரியம்மாவின் பட்டமரத்தில் கவலைப்படவேண்டியது கிளை. உள்ளே வெள்ளைப் பூஞ்சை தின்ற கிளை, காற்றே அடிக்காத மத்தியானத்திலும் முறிந்து விழும். அடித்தண்டில் தட்டுக் காளான், தட்டினால் உள்ளே வெற்றாகக் கேட்கும் சத்தம், வேர்ப்பக்கம் மண் தூக்கியிருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லிவிடவேண்டும். நாமே ஆள் வைத்து வெட்டக்கூடாது, தெருமரத்தை வெட்ட அனுமதி வேண்டும். புகார் கொடுக்கும்போது வெட்டிய இடத்தில் குழியை மூடாமல் விடச் சொல்லிக் கேளுங்கள். அடிக்கட்டையைப் பெயர்க்காமல் விட்டாலும் பாதகமில்லை, பக்கத்திலேயே ஒரு பூவரசோ புங்கனோ நடலாம், கட்டை மட்கி முடிப்பதற்குள் அது ஆளுயரம் தாண்டியிருக்கும்.